கோப்பில் என் மகள்

தலைநகரில், இந்த நாட்டின் ஓவியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய ஓவியக்கூடத்தில், எங்கள் வீட்டுப் படம் ஒன்றுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. அதன் இரண்டாவது தாளில், ‘முகம்: வீட்டிலுள்ள நான்கு வயதுக் குழந்தை ஈர டிஸ்யூவால் துடைத்துவிட்டது’ என்று மலாய் மொழியில் ஒரு வரி உண்டு. அந்தக் குழந்தை என் மகள். துடைத்தது அவள் இல்லை, நான். நான் துடைத்தபோது அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதலாமா என்று நிறைய நாள் யோசித்தேன். எழுதினால் அவள் பெரியவளாகிப் படிப்பாள். எழுதாவிட்டால், கல்யாண வீடுகளில் எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையே அவளுக்கு நினைவாக நின்றுவிடும். எது அதிக மோசம் என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

படத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பள்ளிக்கூட வரைதாள் அளவுதான். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தலையில் துண்டு. முழங்கை முழங்கால்மேல். தன் முறைக்குக் காத்திருக்கிறாள். பின்னால் இருக்கிற ஆட்களும் தராசும் வெறும் தீற்றல்கள். அவளுடைய முகம் மட்டும் முழுசாக வரையப்பட்டிருந்தது. அவர் என் மாமியார். நான் அவரைப் பார்த்ததில்லை. என் கணவர் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த வருஷமே அவர் காலமாகிவிட்டார்.

வரைந்தவர் கோல சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த சீன ஆசிரியர். சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் மாமியார் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொண்டு, கொட்டகை ஓரமாக உட்கார்ந்து வரைவாராம். பெரிய படத்துக்கு முன்னால் சின்னச் சின்னதாகப் பழகிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. அப்படி வரைந்த ஒன்றை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமனார் அதைப் பட்டணத்துக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி போட்டு வந்தார். மாமியார் இறந்தபோது, வீட்டில் அவருடைய முகம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். கல்யாணப் படத்தைக் கரையான் தின்றிருந்தது. இறப்பைப் பதியப் போன இடத்தில் ஐசி அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

லயத்து வரிசை வீட்டைவிட்டுப் பட்டணத்தில் வாடகை வீட்டுக்கு மாறியபோது, லோரியில் கண்ணாடி உடைந்தது. மாமனார் அந்தத் தோட்டத்திலேயே லோரி ஓட்டியவர். தன் கையால் ஓட்டி வந்த வண்டியிலேயே உடைந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் வேறு கண்ணாடி போடவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, “கண்ணாடி இல்லாட்டி பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்மா” என்றார்.

அதனால் வெள்ளிக்கிழமைப் பொட்டு நேராகக் காகிதத்தில் விழுந்தது. இறந்தவர் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காத வீடு எங்களில் கிடையாது. எல்லாரும் கண்ணாடிமேல் வைப்பார்கள், அடுத்த வாரம் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். இங்கே துடைப்பது என்பதே இல்லை. பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. நான் மருமகளாக வந்த மறுமாதமே, கையில் நடுக்கம், கண்ணில் புரை என்று சொல்லி மாமனார் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். “நெத்தியில வைம்மா. கண்ணுல கிண்ணுல பட்டுரப் போவுது” என்பார், ஒவ்வொரு வாரமும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மோதிர விரலால் வைப்பேன். தப்பாமல் செய்தேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்த மாதங்கள் மட்டும் இல்லை.

அந்த ஓவியக்கூடத்திலிருந்து ஒரு நாள் எனக்குப் போன் வந்தது. இளம் மலாய்ப் பெண். கண்காட்சிகளை அமைக்கும் காப்பாளர் என்று சொன்னார். அந்த ஆசிரியரின் பெரிய படம் ஒன்று வெகுகாலமாக அவர்களுடைய சேகரிப்பில் இருக்கிறதாம். அதை மையமாக வைத்து ஒரு கண்காட்சி. ஆசிரியரின் குறிப்பேட்டில் எங்கள் தோட்டத்தின் பெயரும், ‘வாளிமேல் இருந்த பெண்ணிடமே கொடுத்துவிட்டேன்’ என்றும் எழுதியிருந்திருக்கிறது. கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் யாரோ விசாரித்து, கை மாறி மாறி, என் எண்ணுக்கு வந்துவிட்டது.

மாமனாரிடம் சொன்னேன். “கவர்மண்டு ஆளுங்களா? வூட்ட அளக்கவா வராங்க?” என்றார். படத்துக்காக என்றேன். அவர் எழுந்துபோய்ச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். அவர்கள் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் நான் மகள் தூங்கும் நேரத்தில் போனில் அந்த ஓவியக்கூடத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நாடு விடுதலை பெற்ற புதிதில் தொடங்கியது. கைவிரலில் எண்ணிவிடலாம் போன்ற சில படங்கள், அவையும் நன்கொடையாக வந்தவை. சொந்தக் கட்டடம் இல்லாமல் ஒரு மண்டபத்தில் இருந்து, பிறகு ஒரு பழைய ஹோட்டலில் இருந்து, கடைசியாகத்தான் இப்போதைய இடம். நாங்களும் அப்படித்தானே, லயம், பட்டணத்தில் வாடகை வீடு, பிறகு இந்தத் தாமான் குடியிருப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் குடிமாறியபோது எதுவும் உடைந்திருக்காது. அவர்களுடைய படங்கள் இருக்கிற அறைகளின் குளிரும் வெளிச்சமும்கூட அளந்து வைக்கப்படுகின்றன. கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

படித்துவிட்டு நிமிர்ந்து எங்கள் சாமி மேடையைப் பார்த்தேன். விளக்கின் எண்ணெய்ப் புகை. ஓரங்களில் மஞ்சளித்த தாள். நெற்றியின் நடுவில், வருஷக்கணக்காகச் சேர்ந்து, மூக்கின் ஆரம்பம்வரை இறங்கிவிட்ட சிவப்பு அப்பல். வரப்போகிறவர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? நல்ல ஓவியத்தில் குங்குமத்தைப் பூசி வைத்திருக்கிற தோட்டத்துச் சனம் என்றுதானே? டிப்ளோமா படித்த மருமகள் வீட்டில் இருக்கிறாள், அவளுக்குமா தெரியவில்லை என்று? அவர்கள் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் நான் மனசுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கணவர் ரவாங்கில் வேலைக்குப் போயிருந்தார். மாமனார் முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போயிருந்தார். மகள் தூங்கிவிட்டாள். படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய ஈர டிஸ்யூ ஒன்றை உருவி, பொட்டை மட்டும் ஒற்றினேன். குங்குமம் வந்தது. நன்றாக வருகிறதே என்று இன்னொன்று உருவினேன். மூக்கின்மேல் இறங்கியிருந்ததைத் துடைத்தேன். டிஸ்யூவில் சிவப்புக்குப் பதிலாகப் பழுப்பு ஏறியது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

மூன்றாவது டிஸ்யூவை எடுக்கும்போதுதான் பார்த்தேன். மூக்கு இல்லை. புருவமும் கண்ணும் கன்னத்தோடு கலந்து ஓடியிருந்தன. வாய் இருந்த இடம் ஈரத் தாளாக வெளுத்துப்போய் நார் எழும்பி நின்றது.

கல்யாணத்துக்கு முன் நான் பாலர் பள்ளியில் வேலை செய்தவள். நீர்வண்ணம் தண்ணீர் பட்டால் கரையும், காய்ந்த பிறகும் கரையும் என்று நாலு வயசுப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொடுத்தவள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்றுகூட நான் சொல்ல முடியாது.

ஹேர் டிரையர் வைத்து உலர்த்தினேன். அது இன்னொரு முட்டாள்தனம், தாள் நெளிந்துவிட்டது. பிறகு மல்லிகைச் சரத்தை எடுத்து முகத்தின் குறுக்கே வருகிற மாதிரி தொங்கவிட்டுப் படத்தைப் பழைய இடத்தில் மாட்டினேன். மாமனார் வந்து தூரத்திலிருந்து பார்த்தார். “பூவெல்லாம் போட்டு ஜோடிச்சிட்டியே! நாளைக்குப் பொண்ணு பாக்க வர்ற மாதிரிலா இருக்கு” என்று சிரித்தார். புதிதாக வெட்டிய தலையைத் தடவிக்கொண்டே அவர் அதைச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்தக் காப்பாளர் பெண்ணும், கூட ஒரு நடுவயதுக்காரரும் வந்தார்கள். அவர் படங்களைச் செப்பனிடுகிறவர். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார். நெற்றியில் விளக்கோடு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டார். அவர்களுடைய வேலைமுறை ஒன்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தப் படத்தைத் தொட்டாலும், அது இருக்கிற நிலையை முதலில் எழுதிவிடுவார்கள். அவர் ஓரத்திலிருந்து ஓரமாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் எழுதினார். இடது மேல்மூலை, பூச்சி அரித்த ஓட்டைகள். கீழ் விளிம்பு, எண்ணெய்ப் புகை. அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. டாக்டர் பிள்ளையின் எடையைச் சொல்வது போலச் சொன்னார்.

பூச்சரத்தை எடுத்தார்.

பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். முதலில் கேட்டது நெற்றியைப் பற்றித்தான். “இந்தச் சிவப்பு என்ன?” காகிதத்துக்குள்ளேயே ஊறிப்போனதால், நான் துடைத்த பிறகும் மங்கலாக ஒரு வட்டம் மிச்சமிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் தன் தோட்டத்து மலாயில் ஆரம்பித்துவிட்டார். இது தன் மனைவி, கணவன் இருக்கக் கண்ணை மூடியவள், அதனால் பொட்டு, வெள்ளிக்கிழமை தவறியதில்லை, இப்போது மருமகள் வைக்கிறாள் என்று. அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். “பக்சிக்” என்று மரியாதையாக அழைத்து, “இதை நாங்கள் எடுக்க மாட்டோம். இதுவும் இந்தப் படத்தைச் சேர்ந்ததுதான். இப்படியே சுவரில் வைப்போம்” என்றார்.

இப்படியே வைப்பார்களாம்.

அதற்குப் பிறகுதான் செப்பனிடுகிறவர் முகத்துக்கு வந்தார். “இது பழசில்லை. ஓரிரு நாளுக்குள் நடந்தது. யார் துடைத்தது? எதை வைத்துத் துடைத்தார்கள்? அதில் இருக்கிற மருந்து தெரிந்தால்தான் மேற்கொண்டு பரவாமல் நிறுத்த முடியும்.”

குற்றம் கண்டுபிடிக்க அவர் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, “என்னம்மா ஆச்சு? மூஞ்சியிலயா?” என்று மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். என் மகள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு என் பாவாடையைப் பிடித்து நின்றிருந்தாள்.

“என் பிள்ளை” என்றேன் மலாயில். “ஈர டிஸ்யூ. விளையாட்டாக.”

அவளுக்கு மலாய் புரியாது என்று நினைத்தேன். பாலர் பள்ளியில் அவள் கற்றுக்கொண்டுவிட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “நானாம்மா?” என்றாள்.

“நீதான் எப்பப் பாத்தாலும் டிஸ்யூவ உருவி உருவி விளையாடுவல்ல” என்றேன். அது உண்மைதான். அதனால் அவள் நம்பிவிட்டாள். பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

மாமனார் மேசைமேல் குனிந்து முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருடைய புரைக் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், பேத்தியைத் தூக்கிக்கொண்டார். “அப்பாயி மூஞ்ச கழுவி வுட்டியாடா? பவுடர் போட்டு வுட வேண்டியதுதானே, ஏன் பாதியில வுட்ட?” என்றார். என்னைப் பார்த்து, “புள்ளைய ஏசாதம்மா. அதுக்கு என்னா தெரியும்” என்றார்.

அந்தப் பெண் எழுதி முடித்தார். மாமனார் கையெழுத்திட்டார். படத்தைக் கண்காட்சிக்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு ஆணியும், அதைச் சுற்றி வெளுத்த சதுரமும் மட்டும் சுவரில் இருந்தன.

அடுத்து வந்த மாதங்களில் சொல்லாமல் இருக்க எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. மாமனாருக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இப்போது வேண்டாம். கணவருக்கு இந்த வாரம் ஓவர்டைம், வேண்டாம். பிள்ளை மறந்துவிட்டது, நாமாக ஏன் ஞாபகப்படுத்த வேண்டும். கடைசிக் காரணத்தை நான் அதிகம் பயன்படுத்தினேன்.

அவள் மறக்கவில்லை. மறக்க யாரும் விடவில்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். என் கணவரே மகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார், “எங்கூட்டு அம்மணி யாருன்னு நெனச்சீங்க? கவர்மண்டு ஓவியத்தையே அழிச்ச ஆளு!” அவருடைய சித்தி உடனே கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, எல்லாரும் ஐசிய மறச்சு வைங்கடி! இவ வந்து மூஞ்சிய அழிச்சிருவா, அப்புறம் நம்ம யாருன்னு கேட்டா என்னா சொல்றது?” என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. இன்னொருவர், “என் மூஞ்சிய அழிச்சி வேற வரைஞ்சி வுடு கண்ணு, உன் மாமா இப்பவாச்சும் பாக்கட்டும்லா” என்றார். மகளும் சிரித்தாள். அவர்கள் எல்லாரையும்விடக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, நானும் சிரித்தேன் என்பது.

அப்புறம் சின்னச் சின்னதாகப் பல. பாலர் பள்ளி ஆசிரியர், “வண்ணம் தீட்டச் சொன்னா பிரஷ்ஷத் தொட மாட்டேங்குதுங்க” என்றார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது, ஆணியைப் பார்த்து அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் குளிக்கவைக்கும்போது, “அப்பாயிக்கு என்மேல கோவமாம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “ஏன் கோவம் இல்ல?” என்று கேட்டாள். நான் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

கண்காட்சி தொடங்கிய வாரத்துச் சனிக்கிழமை, குடும்பத்தோடு வரச் சொல்லி அந்தப் பெண் அழைத்திருந்தார். நால்வரும் காரில் போனோம். மாமனார் அதே இஸ்திரி போட்ட சட்டை.

அந்தக் கட்டடத்துக்குள் நடப்பது சரிவான பாதையில் சுற்றிச் சுற்றி ஏறுவது. முதல் கூடத்தில் அவர்களுடைய சேகரிப்பின் தொடக்க காலப் படங்கள் இருந்தன. நான் போனில் படித்த, யார் யாரோ கொடுத்த படங்களில் சில இவையாக இருக்கலாம். ஒவ்வொன்றின் கீழும் எந்த வருஷம், யார் வழியாக வந்தது என்று எழுதியிருந்தார்கள். எல்லாப் படமும் ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அதை நான் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆசிரியரின் பெரிய படம் கடைசி அறையில் ஒரு முழுச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வண்ணம். அதே கொட்டகை, அதே தராசு, வாளிகளோடு வரிசையாகப் பெண்கள். வாளிமேல் உட்கார்ந்த பெண்ணும் இருந்தாள், அதே துண்டு, அதே முழங்கை. ஆனால் அந்தப் பெரிய படத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. பழுப்பு நிறத்தில் நீள்வட்டங்கள். கண்ணில்லை, வாயில்லை. அப்படித்தான் வரையவேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

மாமனார் அருகில் போய், பின்னால் வந்து, மறுபடி அருகில் போனார். “என்னா இது, ஒருத்திக்குமே மூஞ்சி இல்ல?” என்றார்.

“அதுதான்பா ஸ்டைலு” என்றார் என் கணவர்.

“என்னா ஸ்டைலோ. அப்ப நம்ம வூட்டுல இருந்தது ஒண்ணுதான் மூஞ்சி” என்றார் மாமனார். சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், எங்கள் படம் இருந்தது. நெளிவை நிமிர்த்தியிருந்தார்கள். நார் எழும்பியதை அடக்கியிருந்தார்கள். நெற்றியில் மங்கலான வட்டம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அந்த அறையில் காவலுக்கு நின்ற பெண் தமிழ்ப் பெண். என் மகள் தரையில் இருந்த கோட்டுக்கு ரொம்பப் பின்னால், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “கிட்ட வந்து பாருடா செல்லம். அந்தக் கோடு வரைக்கும் வரலாம். ஏன் கைய கட்டிக்கிட்டு நிக்கிற, வாத்தியார் அடிச்சிட்டாரா?” என்றார்.

“என் கை கெட்ட கை ஆண்ட்டி” என்றாள் மகள். “இது நான் அழிச்சது.”

பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. முகவரி சொல்வது போலச் சொன்னாள்.

“மாமா” என்றேன். என் குரல் அந்த அறைக்கு ரொம்பச் சத்தமாக இருந்தது. “அது பாப்பா இல்ல மாமா. நான். பொட்டு அசிங்கமா தெரியும்னு நெனச்சி நான்தான் தொடச்சேன். பயத்துல பிள்ள மேல சொல்லிட்டேன்.”

காவல் பெண் தரையைப் பார்த்தார். என் கணவர், “என்னா பேசற நீ?” என்றார். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மெல்ல, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பேத்திக்கு முன்னால் குந்தினார். அவளுடைய கைகளை முதுகுப் பக்கமிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்தார். “கேட்டுக்கிட்டியா? நீ இல்லியாம்.” அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். “நான் தூங்கிட்டு இருந்தேனா?” என்று கேட்டாள். “ஆமாம்” என்றேன்.

மாமனார் எழுந்தார். “அசிங்கமாவா இருந்திச்சி?” என்றார். நான் நெற்றியில் இருந்த வட்டத்தைப் பார்த்தேன். “சரி, உட்டுரு. ஆனா எங்கிட்ட பொய் சொன்னா சொல்லிட்டுப் போ. பச்சப்புள்ள தலையில ஏம்மா கட்டுன?” அவ்வளவுதான். கத்தவில்லை. போய் அறை நடுவில் இருந்த பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான். கீழே போய் அந்தக் காப்பாளரைக் கேட்டேன். நிலைக்குறிப்பில் இருக்கிற வரி தவறு, அழித்துவிட முடியுமா என்று. அவர் கோப்பை எடுத்து வந்தார். “காக்” என்று என்னை அக்கா முறையில் அழைத்து, “நாங்கள் எதையும் அழிப்பதில்லை” என்றார். தவறான வரியின்மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. அதற்கு அடியில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும். என் பொய்யும் அங்கேயே இருக்கும், யாராவது எடுத்துப் படிக்கிற வரைக்கும். நானே எழுதினேன். ‘குழந்தை துடைக்கவில்லை. குழந்தையின் தாய், குங்குமத்தை எடுக்க முயன்று துடைத்தார்.’

“இன்னொன்று கேட்கவேண்டும்” என்றார் அந்தப் பெண். முகத்தைப் பக்கத்தில் எடுத்த புகைப்படம் ஏதாவது உண்டா என்று. இல்லை. தீபாவளிப் படங்களில் அது எங்கள் தலைகளுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் பட்டு, வெறும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. “அப்படியானால் கடைசியாக அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள்தான். ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். கோப்பில் வைக்கிறோம்” என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

தாளோடு மேலே வந்து, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். ஐந்து வருஷம், வாரா வாரம், ஒரு சாண் தூரத்தில் பார்த்த முகம். எழுத ஆரம்பித்தால் நெற்றி மட்டும்தான் வருகிறது. கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்ற கவலையில் கண்ணையே பார்க்காமல் இருந்திருக்கிறேன். ‘இடது புருவம் சற்று உயர்ந்திருக்கும்’ என்று எழுதினேன். சந்தேகமாக இருந்தது. ‘வாய் மூடியிருக்கும்’ என்று எழுதி, நிறுத்தினேன்.

“என்னா எழுதற?” என்றார் மாமனார், திரும்பாமல்.

வாசித்தேன்.

“எடது இல்ல, வலது” என்றார். “வாய் மூடல. பக்கத்துல இருக்கறவகிட்ட என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கும். முன்பல்லு ரெண்டு தெரியும். அது எடுப்பா இருக்குன்னு அவளுக்கு வெக்கம், அந்த வாத்தியாரு அதையும் போட்டுட்டாருன்னு வந்து எங்கிட்டதான் சண்ட புடிச்சா.”

எழுதினேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். என்னோடு பேசவில்லை, தாளோடு பேசினார். அதற்குப் பிறகும் பல நாள் அவர் என்னோடு தேவைக்குத்தான் பேசினார். சந்தனக் கிண்ணத்தை மட்டும் மறுபடி அவரே எடுத்துக்கொண்டார்.

என் மகள் கோடு வரைக்கும் போயிருந்தாள். ஒரு கால் விரல் கோட்டின்மேல். காவல் பெண் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

“தாத்தா, மூக்கு?” என்றாள் அங்கிருந்தே.

“மூக்கு ஒன்னோடது மாதிரிதான்” என்றார் மாமனார்.

அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் அதையும் எழுதினேன்.